வலியறிதலோடு நின்றுவிட்டோமா?

சற்றே நீண்ட பதிவு. நோயெதிர்ப்பியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களையும் மனத்திற்கொண்டு எழுதுகிறேன். பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் முதுநிலை மாணவர் ஒருவர் தம் ஆய்வுத் திட்டத்தின் முன்வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களின் இரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்களின் விழுக்காட்டைக் கணக்கிடுவது. ஒரு மூலிகைச் சாறு அச்செல்களின் கொல்லும் திறனை ஆய்வுக்கூடத்தில் உயர்த்துகிறதா என்று பார்ப்பது. உயர்த்தினால் அதனை நோயெதிர்ப்பு ஊக்கியாகப் பரிந்துரைப்பது. இதுவே திட்டத்தின் சுருக்கம். முதற்பக்கத்தில் இப்படியொரு வாக்கியம் இருந்தது: ‘இயற்கைக் கொல்லி செல்கள் குறைந்தால் நோயெதிர்ப்பு குறையும், ஆகவே அவற்றை வலுப்படுத்தினால் வைரஸ் கட்டுப்படும்.’ மாணவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ இதே வாக்கியத்தை என் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டு அறிக்கையில் நானும் எழுதியிருக்கிறேன். அன்று எவரும் அதனைச் சுழித்துக் கேள்வி கேட்கவில்லை.

அவ்வாக்கியத்தின் முற்பாதியில் உண்மை உண்டு. இடையிலுள்ள ‘ஆகவே’ என்னும் சொல்லில்தான் பிழை இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் நாட்பட்ட வைரஸ் தொற்றைக் கட்டுப்படுத்துவதில் பங்காற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் பங்கு எந்தக் கட்டத்தில், எந்த உறுப்பில், எந்தச் செல்லின்மீது செயல்படுகின்றன என்பதைப் பொறுத்து நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது. கொல்லும் திறன் ஒன்றையே அளந்து, அதனைக் கூட்டுவதையே மருத்துவமாகக் கருதும் ஆய்வுமுறை நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனைக் கைவிட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். 1975இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அவருடன் பணியாற்றியோரும், ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவினரும், முன்னறிமுகம் ஏதுமின்றியே புற்றுச் செல்களைக் கொல்லும் ஒருவகை நிணச் செல்கள் சுண்டெலிகளில் இருப்பதை விவரித்தனர். பயிற்சியின்றிக் கொல்வதால் ‘இயற்கைக் கொல்லி’ என்ற பெயர் நிலைத்தது. இரத்தத்தில் உள்ள நிணச் செல்களில் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு இவை. டி செல்கள் ஒரு குறிப்பிட்ட வைரஸின் குறிப்பிட்ட புரதத்துண்டை அடையாளம் காண்பவை. அத்தகைய டி செல்கள் பெருகிப் படையாகத் திரளப் பல நாள்கள் ஆகும். இயற்கைக் கொல்லி செல்களோ பிறப்பிலேயே அமைந்த ஏற்பிகளைக் கொண்டு சில மணி நேரங்களில் செயற்படத் தொடங்குகின்றன. இலக்குச் செல்லின் சவ்வைத் துளைத்து நொதிகளைச் செலுத்திக் கொல்வது அவற்றின் ஒரு பணி. இன்டர்ஃபெரான் காமா முதலிய சைட்டோகைன்களைச் சுரந்து பிற செல்களை நெறிப்படுத்துவது மற்றொரு பணி. பெயரில் முதற்பணி மட்டுமே இடம்பெற்றது. இரண்டாம் பணி பாடநூல்களிலும் பின்தள்ளப்பட்டது.

இச்செல்கள் எவ்வாறு முடிவெடுக்கின்றன என்பது 1986இல் கிளாஸ் கேர்ரேயும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வால் தெளிவாகத் தொடங்கியது. உட்கருவுடைய நம் உடற்செல்கள் ஏறத்தாழ அனைத்தும் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்களை ஏந்தி நிற்கின்றன. அப்புரதங்களைக் காணும் இயற்கைக் கொல்லி செல்லின் தடுப்பேற்பிகள் ‘இது நம்மவர், விடு’ என்ற குறிப்பை உள்ளே அனுப்புகின்றன. வைரஸ் தொற்றாலோ புற்றாலோ ஒரு செல் அவ்வடையாளத்தை இழக்குமாயின் தடை விலகுகிறது. அத்துடன், இடர்ப்பட்ட செல்லில் தோன்றும் வேறு சில புரதங்கள் தூண்டேற்பிகளை இயக்குகின்றன. இவ்விரண்டின் நிகர விளைவே தாக்குதல் அல்லது விலகல். ஆகவே எப்போதும் கொல்லத் துடிக்கும் செல் என்ற சித்திரம் தொடக்கத்திலேயே பொருந்தாதது. பெரும்பாலான நேரங்களில் இச்செல் எதையும் கொல்லாமல் சோதித்துவிட்டு நகர்கிறது.

இச்செல்கள் இன்றியமையாதவை என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. 1989இல் இயற்கைக் கொல்லி செல்கள் அறவே இல்லாத ஒரு சிறுமியைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளியானது. சின்னம்மை, சைட்டோமெகலோவைரஸ், ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிறுமியை உயிராபத்து வரை கொண்டுசென்றன. சுண்டெலிகளில் ஒரு மரபினம் சைட்டோமெகலோவைரஸைத் தாங்குவதும் மற்றொன்று அதற்குப் பலியாவதும் ஏன் என்ற கேள்விக்கு 2002இல் விடை கிடைத்தது. தாங்கும் எலிகளின் இயற்கைக் கொல்லி செல்களில் உள்ள எல்.ஒய்.49எச் என்னும் ஏற்பி, வைரஸின் எம்157 என்னும் புரதத்தை நேரடியாக இனங்காண்கிறது. 2009இல் கலிபோர்னியாவில் லூயிஸ் லேனியரின் குழுவினர், இவ்வேற்பியுடைய செல்கள் தொற்றுக்குப் பின் பெருகி, பல மாதங்கள் நிலைத்து, மீண்டும் சந்திக்கையில் விரைந்து செயற்படுவதைக் காட்டினர். நினைவாற்றல் டி, பி செல்களுக்கு மட்டுமே உரியது என்ற பாடம் அன்று திருத்தப்பட்டது.

மனிதரில் கே.ஐ.ஆர். எனப்படும் ஏற்பிக் குடும்பம் இப்பணியைச் செய்கிறது. கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமிலும், அவை இனங்காணும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இரண்டும் தனித்தனியே மரபுவழி வருவதால், ஏற்பி ஒருவருக்கு இருந்தும் அதன் இணைப்புரதம் இல்லாமற்போகலாம். 2002இல் வெளியான ஆய்வொன்று, கே.ஐ.ஆர்.3டி.எஸ்.1 என்னும் தூண்டேற்பியும் குறிப்பிட்ட எச்.எல்.ஏ.-பி வகையும் ஒருங்கே அமைந்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸ் நிலையை அடைவது தாமதமாகிறது என்று கண்டது. 2004இல் ஹெபடைடிஸ் சி பற்றிய ஆய்வு, மென்மையான தடைக்குறிப்பைத் தரும் ஏற்பி–புரத இணையைப் பெற்றவர்கள் அவ்வைரஸை முற்றிலும் அகற்றும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. இவ்விரண்டாம் முடிவை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே உதவியது கூடுதல் வலிமையுடைய செல் என்று சொல்வதற்கில்லை. தடை எளிதில் தளரக்கூடிய செல்லே உதவியது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. எச்.ஐ.வி.யின் நெஃப் என்னும் புரதம், தொற்றிய செல்லின் மேற்பரப்பிலிருந்து எச்.எல்.ஏ. ஏ, பி வகைகளை அகற்றி டி செல்களின் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. அனைத்தையும் அகற்றினால் இயற்கைக் கொல்லி செல்கள் விழித்துக்கொள்ளும் என்பதால் சி, ஈ வகைகளை அது பெரும்பாலும் விட்டுவைக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றியவரின் கே.ஐ.ஆர். மரபணுக்களுக்கு ஏற்ப எச்.ஐ.வி.யின் மரபுத்தொடரே மாறுபடுவதைக் கண்டது. இச்செல்களின் அழுத்தம் இல்லையெனில் வைரஸுக்கு அப்படி மாறவேண்டிய தேவையே இராது.

இவ்வளவு சான்றுகளையும் வாசித்த மாணவர் ‘ஆகவே வலுப்படுத்துவோம்’ என்று முடிவுகட்டுவது இயல்புதான். சிக்கல் இதற்கு அப்பால் தொடங்குகிறது. மேற்சொன்னவற்றுட் பல, தொற்றின் முதற்கட்டத்தைப் பற்றியவை, அல்லது மக்கள்தொகுதி அளவிலான தொடர்புகள். நாட்பட்ட தொற்று என்பது முதற்கட்டம் நீண்டுபோன நிலையன்று. அது தனக்கெனத் தனி விதிகளைக் கொண்ட வேறொரு நிலை. வைரஸ் அகலவில்லை, உடலும் வீழவில்லை. இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வைரஸைத் துரத்தும் முயற்சியில் உறுப்பையே இழக்காமல் காக்கும் பொறுப்பு நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அங்கே வந்துசேர்கிறது. அப்பொறுப்பில் ஒரு பங்கை ஏற்பவை இயற்கைக் கொல்லி செல்கள்.

இதனைத் தெளிவாகக் காட்டியது 2012இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் வெல்ஷ் குழுவினர் சுண்டெலிகளில் எல்.சி.எம்.வி. என்னும் வைரஸைக் கொண்டு செய்த ஆய்வு. இவ்வைரஸை இயற்கைக் கொல்லி செல்கள் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அச்செல்களை அகற்றியபோது தொற்றின் போக்கு தலைகீழாக மாறியது. காரணம், தூண்டப்பட்ட சி.டி.4 டி செல்களை அவை கொன்றுகொண்டிருந்தன. அந்த உதவிச் செல்கள் குறைந்ததால் வைரஸைத் தாக்கவேண்டிய சி.டி.8 டி செல்களும் தளர்ந்தன.

விளைவு வைரஸின் அளவைப் பொறுத்து மாறியது என்பதுதான் இவ்வாய்வின் உயிர்நாடி. மிகுதியான அளவில் வைரஸைச் செலுத்தியபோது, இயற்கைக் கொல்லி செல்கள் டி செல்களைத் தளர்த்தின. வைரஸ் நிலைத்துவிட்டது; ஆனால் எலி பிழைத்தது. அச்செல்களை அகற்றிய எலிகளில் டி செல்கள் முழு வேகத்தில் தாக்க, உறுப்புகள் சிதைந்து எலிகள் இறந்தன. இடைப்பட்ட அளவில் செலுத்தியபோது நேர்மாறாக நடந்தது. இயற்கைக் கொல்லி செல்கள் இருந்த எலிகளில் டி செல்கள் அரைகுறையாகத் தளர்ந்தன. வைரஸை அகற்றும் ஆற்றலும் இல்லை, தாக்குதலை நிறுத்தும் நிலையும் இல்லை. அந்த இழுபறியில் எலிகள் மாண்டன. செல்களை அகற்றிய எலிகளோ வைரஸை ஒழித்து உயிர்தப்பின. ஒரே செல், ஒரே வைரஸ். ஓரிடத்தில் காவல், மற்றோரிடத்தில் கேடு. இவற்றில் எந்த எலிக்கு ‘ஊக்கி’ கொடுப்பது என்று எவராவது முன்கூட்டியே சொல்ல இயலுமா?

எலியில் நடப்பது மனிதரில் நடக்குமா என்று கேட்பது நியாயமே. மாணவர் தேர்ந்தெடுத்த ஹெபடைடிஸ் பி தொற்றிலேயே அதற்கு விடையின் ஒரு பகுதி இருக்கிறது. கல்லீரலில் உள்ள நிணச் செல்களில் மூன்றில் ஒரு பங்கு வரை இயற்கைக் கொல்லி செல்கள். இரத்தத்தைக் காட்டிலும் இது பன்மடங்கு மிகுதி. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மாலா மைனி குழுவினர் 2007இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு உண்மைகளைக் காட்டின. நோய் சீறியெழும் காலங்களில் இச்செல்கள் டிரெயில் என்னும் புரதத்தை ஏந்திக் கல்லீரல் செல்களைக் கொல்கின்றன. அதே டிரெயில் வழியாக, ஹெபடைடிஸ் பி வைரஸை இனங்காணும் டி செல்களையும் கொல்கின்றன. அதேவேளை, செல்லைக் கொல்லாமலே வைரஸின் பெருக்கத்தை அடக்கவல்ல இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் அவற்றின் திறன், நாட்பட்ட தொற்றில் நலிந்துவிடுகிறது. அதாவது, கொல்லும் கை ஓங்கியிருக்கிறது. காக்கும் கை தளர்ந்திருக்கிறது. இந்நிலையில் ‘கொல்லும் திறனை உயர்த்தும் சாறு’ என்பது எதை உயர்த்தும்? ஏற்கெனவே புண்பட்ட கல்லீரலின் சேதத்தையா, வைரஸைத் தேடும் டி செல்களின் அழிவையா?

இடம் எத்துணை முக்கியமானது என்பதற்கு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகள் நல்ல சான்று. எச்.ஐ.வி.க்கு நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. அக்குரங்குகளில் வாழ்நாள் முழுதும் இருக்கிறது. இரத்தத்தில் வைரஸ் மிகுதியாக இருந்தும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. ஆசிய மக்காக் குரங்குகளுக்கோ அதே வகை வைரஸால் நோய் முற்றுகிறது. 2017இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று, பச்சைக் குரங்குகளில் இயற்கைக் கொல்லி செல்கள் நிணநீர்க் கணுக்களில் உள்ள பி செல் நுண்ணறைகளுக்குள் நுழைந்து நிலைகொள்வதைக் கண்டது. வைரஸ் பதுங்கும் முதன்மையான இடங்களுள் ஒன்று அந்நுண்ணறை. டி செல்களுட் பெரும்பாலானவை உள்ளே செல்ல இயலாத அறை. இன்டர்லூக்கின்-15 என்னும் சைட்டோகைனைத் தடுத்து அச்செல்களைக் குறைத்தபோது நிணநீர்க் கணுக்களில் வைரஸ் பெருகியது. மக்காக் குரங்குகளின் நுண்ணறைகளில் இச்செல்கள் அவ்வாறு குடிபுகுவதில்லை. இவ்விரு குரங்குகளின் இரத்தத்தை மட்டும் எடுத்து இயற்கைக் கொல்லி செல்களை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு ஒருநாளும் தெரிந்திராது.

திருக்குறளின் அதிகார வரிசையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வலியறிதலை அடுத்துக் காலமறிதல், அதனை அடுத்து இடனறிதல். ஆற்றலை எடைபோடுவதோடு அரசனின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பது அவ்வரிசையிலேயே உணர்த்தப்படுகிறது. நம் ஆய்வுக்கூடங்கள் முதல் அதிகாரத்தைப் படித்துவிட்டு நூலை மூடிவைத்துவிட்டன என்பது என் ஆதங்கம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். நம் துறையில் இயற்கைக் கொல்லி செல்களை அளக்கும் வழக்கமான முறைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரத்தத்தில் அவற்றின் விழுக்காடு. மற்றொன்று, கே562 என்னும் இரத்தப்புற்றுச் செல்களோடு சேர்த்து வைத்து எத்தனை மடிகின்றன என்று பார்ப்பது. கே562 செல்களில் எச்.எல்.ஏ. அடையாளம் ஏறத்தாழ இல்லை. எனவே அவை மிக எளிதான இலக்கு. நாட்பட்ட தொற்றில் அடையாளத்தைப் பாதி மறைத்தும் பாதி காட்டியும் நிற்கும் கல்லீரல் செல்லுக்கோ சி.டி.4 செல்லுக்கோ அது எவ்வகையிலும் நிகராகாது. விழுக்காடும் ஏமாற்றும். இரத்தத்தில் உள்ள இச்செல்களில் சுமார் 90 விழுக்காடு கொல்லுதலில் முதிர்ந்த வகை. நிணநீர்க் கணுக்களிலோ சைட்டோகைன் சுரக்கும் வகையே பெரும்பான்மை. எச்.ஐ.வி. கட்டுப்படாத நிலையில், செயல்திறன் குன்றிய ஓர் உட்பிரிவு இரத்தத்தில் பெருகுகிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உள்மாற்றம் கண்ணில் படாது.

இந்தியாவில் இருந்து இதனை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தோர் சுமார் 2.98 கோடிப் பேர். ஹெபடைடிஸ் சி தொற்றுடன் சுமார் 55 லட்சம் பேர். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். இயற்கைக் கொல்லி செல்களும் நாட்பட்ட தொற்றும் குறித்த கேள்விகள் இத்தனை கோடி உடல்களில் நாள்தோறும் எழுந்துகொண்டிருக்க, நாம் அவற்றுக்கான விடைகளைப் பெரும்பாலும் பிற நாட்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளிலிருந்து எடுத்தாள்கிறோம்.

அவ்விடைகள் அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. கே.ஐ.ஆர். மரபணுத் தொகுப்புகள் ஏ, பி என இருவகை. ஜப்பானியரிடம் ஏ வகை ஓங்கியிருக்கிறது. தூண்டேற்பிகள் மிகுந்த பி வகை இந்திய மக்கள்தொகுதிகளில் மிகுதி. அகமணமுறையால் நூற்றாண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் நம் சமூகங்களிடையே இத்தொகுப்புகள் வேறுபடவும் வாய்ப்புண்டு. எச்.ஐ.வி.யிலும் இந்தியாவில் பரவலாக உள்ளது சி துணைவகை. மேற்கில் அதிகம் ஆராயப்பட்டது பி துணைவகை. இவற்றோடு சைட்டோமெகலோவைரஸ் என்னும் பழைய விருந்தாளியும் இருக்கிறது. நம் நாட்டில் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோர் இளமையிலேயே இத்தொற்றைப் பெற்றவர்கள். அத்தொற்று, என்.கே.ஜி.2சி என்னும் ஏற்பியைத் தாங்கிய ஒரு பிரிவைப் பலரில் பெருக்கி, இயற்கைக் கொல்லி செல்களின் தொகுப்பையே நிலையாக மாற்றியமைக்கிறது. அதனைக் கணக்கில் எடுக்காமல் ‘நலமானவர்’, ‘நோயாளி’ என்று இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வு, ஹெபடைடிஸ் பி வைரஸின் விளைவையும் சைட்டோமெகலோவைரஸின் விளைவையும் ஒன்றோடொன்று குழப்பிவிடும்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றை நான் அறியாதவனல்லன். முதலாவது, வசதி. இரத்தம் எளிதில் கிடைக்கும். கல்லீரல் திசு கிடைக்காது. ஆய்வுக்காக மட்டும் ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்துவது அறமுமன்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவக் காரணத்துக்காக எடுக்கப்படும் திசுவின் எச்சத்தை, நோயாளியின் ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் பயன்படுத்த வழி இருக்கிறது. நுண்ணூசியால் உறிஞ்சி எடுக்கும் மிகச் சிறு மாதிரிகளைக் கொண்டே கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்களை ஆராயும் முறையும் வளர்ந்துவிட்டது. அதற்குத் தேவை விலையுயர்ந்த கருவியைக் காட்டிலும், மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒரு நடைபாதை. ஒரே நகரில் இரண்டும் இருந்தும் ஒருவரையொருவர் அறியாத துறைகள் நம்மிடம் எத்தனை!

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. புற்றுநோய் மருத்துவத்தில் இயற்கைக் கொல்லி செல்களை வளர்த்து, ஊக்கி, உடலுக்குள் செலுத்தும் சிகிச்சைகள் சோதிக்கப்படுகின்றன; எச்.ஐ.வி. தொற்றிலும் இன்டர்லூக்கின்-15 வழியைத் தூண்டும் மருந்துகள் சோதனையில் உள்ளன. அப்படியிருக்க ஊக்குவிப்பதையே குறைகூறலாமா என்று கேட்கலாம். கூறவில்லை. அச்சோதனைகளில் இலக்கு இன்னது, அளவு இன்னது, நோயாளியின் நிலை இன்னது என்று வரையறுக்கப்படுகிறது, எச்.ஐ.வி. சோதனைகளில் வைரஸ் ஏற்கெனவே மருந்தால் அடக்கப்பட்டிருக்கிறது; பக்கவிளைவுகள் கண்காணிக்கப்படுகின்றன. காலமும் இடமும் அறிந்தே அங்கே வலியைக் கூட்டுகிறார்கள். ‘நோயெதிர்ப்பு ஊக்கி’ என்ற பெயரில் கடையில் விற்கும் புட்டிக்கு இவற்றுள் ஒன்றும் கிடையாது.

இது வெறும் கல்விச் சர்ச்சையாக நின்றுவிடுவதில்லை. கோவிட் காலத்தில் நாடெங்கும் நோயெதிர்ப்பு ஊக்கிகள் விற்றுத் தீர்ந்தன. அவற்றுள் சீந்தில் முதன்மையானது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்டவர்களில் தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்த கல்லீரல் அழற்சி கண்டதாக அறிக்கை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அவ்வறிக்கையை மறுத்தது. அவ்விவாதத்தில் இங்கே நுழையவில்லை. நான் கேட்பது, நோயெதிர்ப்பை உயர்த்துவது எப்போதும் நன்மையே என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் விதைத்தவர் யார் என்பதே. விளம்பரதாரர் மட்டுமல்லர். ‘கொல்லும் திறன் உயர்ந்தது; ஆகவே பயன்தரும்’ என்று முடிவுரை எழுதிய ஆயிரக்கணக்கான ஆய்வேடுகளுக்கும் அதில் பங்குண்டு. விளம்பரத்தின் அடியில் ‘அறிவியல் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று பொடி எழுத்தில் அச்சிட நாம்தான் வாய்ப்பளிக்கிறோம்.

ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள ஒருவர் அப்புட்டியை நம்பி, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மாத்திரை வைரஸை முற்றாக அகற்றுவதில்லை. வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே தங்கியிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தும்போது அது மீண்டெழுந்து கல்லீரலைச் சிதைக்கக்கூடும். 2018இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் தாயிடமிருந்து தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது. உறுதியாகப் பயன்தருபவை இவை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் இச்செல்களைப் போர்வீரர் என்று அறிமுகப்படுத்துவது எளிது, மாணவர் மறக்கமாட்டார். அந்த உவமையோடு பாடத்தை முடித்துவிடுவதுதான் தவறு. 1989இன் சிறுமியையும் 2012இன் எலிகளையும் ஒரே வகுப்பில் பாடமாக வையுங்கள். முதலாவதில் செல் இல்லாததால் நேர்ந்த துயரம்; இரண்டாவதில் செல் இருந்ததால் நேர்ந்த மரணம். இரண்டையும் ஒருசேர விளக்க முயலும் மாணவர் அன்றே ஆய்வாளராகத் தொடங்கிவிடுவார்.

அந்த முதுநிலை மாணவரோடு இருமுறை நீண்ட நேரம் பேசினேன். மூலிகைச் சாற்றுப் பகுதியை அவரே நீக்கிவிட்டார். புதிய வரைவில், மருந்து தொடங்கும் முன்னும் ஆறு திங்கள் கழித்தும் அதே நோயாளிகளிடம் இரத்தம் எடுத்து, டிரெயில், இன்டர்ஃபெரான் காமா இரண்டையும் ஒருங்கே அளக்கப்போகிறார். சைட்டோமெகலோவைரஸ் தொற்றையும் கே.ஐ.ஆர். வகையையும் பதிவுசெய்யப்போகிறார். கல்லீரல் மாதிரிக்காக ஒரு மருத்துவமனையை அணுகியிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது. பட்டத்துக்கான காலமும் சிறிது. முடிவு எதுவாக வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்பு அவர் எழுதிய வரைவில் முடிவு முதற்பக்கத்திலேயே இருந்தது.

மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுங்கள். குறிப்பாக, கல்லீரல் மருத்துவத்துறையில் பணியாற்றுவோரின் கருத்தையும், திசு மாதிரிகளைப் பகிர்வதில் உள்ள நடைமுறை இடர்களையும் அறிய விரும்புகிறேன்.